நாலு கோப்பு, ஒரு நூல்: இணைப்பில் தொலைந்த வடிவத்தை மீட்பது

செகந்தராபாத் கண்டோன்மென்ட் பக்கம் இருக்கும் போலாரத்தைப் பற்றி, அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து 64 பக்கச் சிறுநூல் ஒன்று போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. 1847-ஆம் ஆண்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் இருக்கிறது. 1983 நவம்பர் 20 அன்று, தம் 36-வது திருமண நாளில், இரண்டாம் எலிசபெத் ராணி வந்து வழிபட்ட இடம் அது. 1860-ல் கட்டிய ரெசிடென்சி மாளிகை இருக்கிறது; இன்று அது 90 ஏக்கர் வளாகத்தில் குடியரசுத் தலைவரின் ராஷ்டிரபதி நிலையம். ஹைதராபாத் கன்டின்ஜென்ட் படை தங்கியிருந்த ஊர் என்பதால், 1855 முகரத்தின்போது பிரிகேடியர் காலின் மெக்கன்சி தாக்கப்பட்ட கதையும் வரும். கடைசியில் ஓர் ஆண்டு வரிசை அட்டவணை.

நாலு பேர் எழுதுகிறார்கள், நாலு கணினியில். தொகுப்பாளர் நாலு கோப்பையும் ஒரு தாய்க் கோப்பில் வெட்டி ஒட்டாமல் லிங்க் போட்டு இணைக்கிறார். எழுதியவர் தன் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் நூலிலும் அது திருந்த வேண்டும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான்.

பிரஸ்ஸுக்கு அனுப்புவதற்கு முந்தைய இரவு தாய்க் கோப்பைத் திறந்தால் நூலே வேறு மாதிரி நிற்கிறது. தலைப்புகள் சுருங்கிவிட்டன. தேவாலய அத்தியாயத்தில் ஆங்கிலம் அப்படியே இருக்க, தமிழ் மட்டும் வேறு எழுத்துருவுக்குப் போய்விட்டது. படுக்கை வாட்டில் இருந்த அட்டவணைப் பக்கம் நிமிர்ந்து, கடைசி இரண்டு நிரல்கள் விளிம்புக்கு வெளியே போய்விட்டன. 64 பக்கம் 67 ஆகியிருக்கிறது. பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் நாலு பாரத்தில் முடிய வேண்டிய நூலுக்கு, மூன்று பக்கத்துக்காக ஐந்தாவது பாரம் ஓட்ட வேண்டிவரும்.

இந்த நிலையில் பலரும் செய்வது, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கையால் மறுபடி அழகுபடுத்துவது. அடுத்த முறை லிங்க் புதுப்பிக்கும்போது அந்த உழைப்பும் போய்விடும். வடிவம் பெரும்பாலும் எங்கும் அழிந்துபோவதில்லை. ஒரு கோப்பின் கட்டளையை இன்னொரு கோப்பின் கட்டளை மறைத்திருக்கும். எந்தக் கட்டளை ஜெயித்தது என்று கண்டுபிடித்தால், அந்த ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

முதல் ஐந்து நிமிடம்

எதையும் தொடுவதற்கு முன் கோப்புறை முழுவதையும் நகல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு இரண்டு சோதனைகள்.

முதலாவது: கெட்டுப்போனதாகத் தோன்றும் அத்தியாயத்தின் மூலக் கோப்பைத் தனியாகத் திறப்பது. அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் கோளாறு தாய்க் கோப்பிலோ இணைப்பிலோ இருக்கிறது. அங்கேயும் கெட்டிருந்தால், மூலக் கோப்பைத்தான் பார்க்க வேண்டும். அல்லது அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை.

இரண்டாவது: எழுதியவரின் கணினியில் அது எப்படி இருந்தது என்று பார்ப்பது. இதற்காகவே ஒவ்வொருவரிடமும் வேர்டு கோப்போடு ஒரு பிடிஎஃப்பும் வாங்கி வைப்பது நல்ல பழக்கம். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்து வருவதால், அவர் கண்ணில் பட்ட பக்கம் அப்படியே சாட்சியாக நிற்கும்.

இவை முடிந்ததும் அறிகுறியைப் படிக்கலாம்.

1. நேற்று தாய்க் கோப்பில் கையால் செய்த திருத்தம் மட்டும் போயிருக்கிறது: லிங்க் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.
2. தடித்த எழுத்து ஒரு சொல்லிலிருந்து பக்கத்துச் சொல்லுக்கு நகர்ந்திருக்கிறது: 'மெர்ஜ்ஃபார்மட்' என்ற ஸ்விட்ச்சின் வேலை.
3. மூலக் கோப்பில் திருத்தியும் பழைய மேட்டரே வருகிறது: லிங்க் அறுந்திருக்கிறது.
4. அத்தியாயம் முழுவதும் தாய்க் கோப்பின் சாயலுக்கு மாறியிருக்கிறது: ஒரே பெயருள்ள ஸ்டைல்கள் மோதியிருக்கின்றன.
5. ஆங்கிலம் சரி, தமிழ் மட்டும் மாறியிருக்கிறது: எழுத்துருவின் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' இடம் காலியாக இருக்கிறது.
6. தமிழ் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளோ வெறும் கட்டங்களோ இருக்கின்றன: யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு.
7. பக்கத்தின் வாட்டம், ஓரம், மேல்வரி மாறியிருக்கின்றன: செக்‌ஷன் பிரேக் விடுபட்டிருக்கிறது.

லிங்க் என்ன சொல்கிறது

வேர்டில் 'இன்சர்ட்' தாவலில் 'ஆப்ஜெக்ட்', அதற்குள் 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' போய், 'இன்சர்ட் ஆஸ் லிங்க்' கொடுத்தால், பக்கத்தில் அத்தியாயம் தெரியும். அடியில் இருப்பது 'இன்க்ளூட்டெக்ஸ்ட்' என்ற ஒற்றை வரிக் கட்டளை. ஆல்ட் + எஃப்9 அழுத்தினால் அத்தியாயம் மறைந்து அந்த வரி வெளியே வரும். மூலக் கோப்பின் முழு முகவரியும் அதில் இருக்கும். மறுபடி அழுத்தினால் அத்தியாயம் திரும்பிவிடும். மூலக் கோப்பிலிருந்து நகலெடுத்து 'பேஸ்ட் ஸ்பெஷல்', 'பேஸ்ட் லிங்க்' வழியாக வந்திருந்தால் கட்டளையின் பெயர் 'லிங்க்'.

இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். 'லிங்க்' வகை, தானியங்கியாக வைத்திருந்தால், கோப்பைத் திறக்கும்போதே புதுப்பித்துக்கொள்ளும். 'இன்க்ளூட்டெக்ஸ்ட்' எஃப்9 அழுத்தும்வரை பொதுவாகக் காத்திருக்கும். ஆனால் 'ஆப்ஷன்ஸ்', 'டிஸ்ப்ளே' பகுதியில் 'அப்டேட் ஃபீல்ட்ஸ் பிஃபோர் பிரின்டிங்' குறியிட்டிருந்தால் அச்சுக்குக் கொடுக்கும் நொடியிலும் அது மாறும். திரையில் சரியாக இருந்த பக்கம் தாளில் வேறு மாதிரி வந்தது என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

போலாரம் நூலில் இது எப்படி நடக்கும்? ஓர் ஆசிரியர் ஊர்ப்பெயரைப் 'பொல்லாரம்' என்று எழுதியிருக்கிறார். சங்காரெட்டி மாவட்டத்தில் அதே பெயரில் ஒரு தொழிற்பேட்டை இருப்பதால் குழப்பம் வரும் என்று தொகுப்பாளர் தாய்க் கோப்பில் பன்னிரண்டு இடத்தில் 'போலாரம்' என்று மாற்றி, கையோடு துணைத் தலைப்புகளையும் நீல நிறமாக்குகிறார். அடுத்த எஃப்9-ல் பன்னிரண்டு திருத்தமும் நீல நிறமும் ஒன்றாகப் போகும். மூலக் கோப்புக்கு அவர் செய்த எதுவும் தெரியாது.

தீர்வு எளிது. திருத்தம் எதுவானாலும் மூலக் கோப்பில் செய்ய வேண்டும். ஏற்கெனவே தாய்க் கோப்பில் செய்துவிட்டால், புதுப்பிப்பதற்கு முன் அந்தப் பகுதிக்குள் கர்சரை வைத்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்7 அழுத்தலாம். 'இன்க்ளூட்டெக்ஸ்ட்' வகையில், மூலமும் வேர்டு கோப்பாக இருந்தால், மாற்றங்கள் மூலத்துக்கே திரும்பிப் போய்ச் சேரும். ஓர் அத்தியாயம் முடிந்துவிட்டது, இனி யாரும் தொட வேண்டாம் என்றால் கண்ட்ரோல் + எஃப்11 அதைப் பூட்டும். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்11 திறக்கும்.

இரண்டாவது அறிகுறிக்குக் காரணமான 'மெர்ஜ்ஃபார்மட்' கட்டளை வரியின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். லிங்க் உரையாடல் பெட்டியில் 'பிரிசர்வ் ஃபார்மட்டிங் ஆஃப்டர் அப்டேட்' குறியிட்டால் வருவது அதுதான். பெயர் நம்பிக்கை தருகிறது. வேலை செய்யும் விதம் வேறு. முந்தைய வடிவத்தைச் சொல் சொல்லாக எண்ணி அது புதிய மேட்டர் மீது போடுகிறது. 'ராணி 1983-ல் வந்தார்' என்ற வரியில் இரண்டாவது சொல் தடித்திருந்தது. ஆசிரியர் அதை 'எலிசபெத் ராணி 1983-ல் வந்தார்' என்று மாற்றினால், இப்போது தடித்து நிற்பது 'ராணி'. நீண்ட அத்தியாயங்களில் இந்த ஸ்விட்ச்சை ஆல்ட் + எஃப்9 வழியாகப் போய் அழித்துவிட்டு, எஃப்9 கொடுத்துப் புதுப்பிப்பது நல்லது.

எக்செலிலிருந்து வரும் அட்டவணைக்கு ஒட்டும்போதே முடிவு எடுக்க வேண்டும். வலது கிளிக்கில் 'லிங்க் அண்ட் கீப் சோர்ஸ் ஃபார்மட்டிங்', 'லிங்க் அண்ட் யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்' என்று இரண்டு வழிகள் தெரியும். முதலாவதில் எக்செலின் வடிவம் வரும், இரண்டாவதில் நூலின் வடிவம். நூலுக்கு எது வேண்டும் என்று குழு ஒருமுறை தீர்மானித்து எல்லா அட்டவணைக்கும் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

லிங்க் அறுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் பென்டிரைவ். ஒரு கணினியில் அது 'இ' டிரைவ், இன்னொன்றில் 'எஃப்' டிரைவ். முகவரி மாறியதும் வேர்டுக்கு மூலம் கிடைக்காது. பழைய மேட்டர் நிற்கும், அல்லது பிழைச் செய்தி வரும். 'லிங்க்' வகைக்கு 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' பெட்டியில் 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்துப் புது இடத்தைக் காட்டலாம். 'இன்க்ளூட்டெக்ஸ்ட்' வகைக்கு ஆல்ட் + எஃப்9 போட்டு முகவரியையே திருத்தலாம். அங்கே சாய்கோடு ஒவ்வொன்றும் இரட்டையாக இருக்க வேண்டும். மெயிலில் வந்த கோப்பு 'புரொடெக்டட் வியூ'வில் திறந்திருந்தால் 'எனேபிள் எடிட்டிங்' கொடுக்கும்வரை லிங்க் எதுவும் புதுப்பிக்கப்படாது.

ஒரே பெயர், நாலு முகம்

நாலாவது அறிகுறிதான் அதிகம் பேரைத் தொல்லைப்படுத்துவது. வேர்டில் ஒவ்வொரு பாராவும் ஏதாவது ஒரு ஸ்டைலைச் சார்ந்திருக்கும். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அது 'நார்மல்'. தலைப்பு என்றால் 'ஹெட்டிங் 1'. இணைத்த கோப்பிலும் தாய்க் கோப்பிலும் ஒரே பெயரில் ஸ்டைல் இருந்தால் தாய்க் கோப்பின் விளக்கமே செல்லும். இது வேர்டின் விதி.

நாலு பேருக்கும் 'நார்மல்' ஒன்றுதானே என்று தோன்றும். வேர்டு 2003-ல் அது டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளி. வேர்டு 2007-ல் கேலிப்ரி 11 புள்ளியாகி, வரிக்கு 1.15 இடைவெளியும் பாராவுக்குப் பின் 10 புள்ளி வெற்றிடமும் சேர்ந்தன. 2013-ல் அவை 1.08 ஆகவும் 8 புள்ளியாகவும் குறைந்தன. 2023-ல் ஆப்டாஸ் என்ற எழுத்துரு கேலிப்ரியின் இடத்துக்கு வந்தது. பழைய கணினியில் தட்டிய கன்டின்ஜென்ட் அத்தியாயமும், புது லேப்டாப்பில் எழுதிய ராஷ்டிரபதி நிலைய அத்தியாயமும் ஒரே ஸ்டைல் பெயரைச் சுமந்துகொண்டு வேறு வேறு அளவில் வருகின்றன. தாய்க் கோப்புக்குள் வந்ததும் இரண்டும் அதன் அளவுக்கு மாறுகின்றன. 64 பக்கம் 67 ஆவதற்கு இந்த இடைவெளிகளே போதும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்டைலைத் தொடாமல் கையால் கொடுத்த தடிப்பு, நிறம், அளவு ஆகியவை பெரும்பாலும் அப்படியே கூட வரும். அதனால்தான் அத்தியாயம் பாதி மாறி, பாதி மாறாமல் நிற்கிறது. அந்தப் பாராவில் கர்சரை வைத்து ஷிஃப்ட் + எஃப்1 அழுத்தினால் பக்கத்தில் 'ரிவீல் ஃபார்மட்டிங்' பலகம் திறக்கும். அதன் அடியில் 'டிஸ்டிங்குயிஷ் ஸ்டைல் சோர்ஸ்' என்பதைக் குறியிட்டால், எந்த வடிவம் ஸ்டைலிலிருந்து வந்தது, எது கையால் போட்டது என்று பிரித்துக் காட்டும். கைவேலையை நீக்க, எழுத்துக்கு கண்ட்ரோல் + ஸ்பேஸ், பாராவுக்கு கண்ட்ரோல் + க்யூ.

ஒரு பாராவின் மேல் புது ஸ்டைலை வைக்கும்போது வேர்டு ஒரு கணக்குப் போடுகிறது. கையால் வடிவம் கொடுத்த எழுத்துகள் பாதிக்கும் குறைவாக இருந்தால் அவை பிழைக்கும். பாதிக்கு மேல் என்றால் துடைக்கப்படும். தேவாலயப் பெயரைச் சாய்வெழுத்தில் போட்ட நீண்ட பாராவில் சாய்வு நிற்கிறது. அதே பெயர் மட்டும் இருக்கும் படக்குறிப்பில் சாய்வு காணாமல் போகிறது. சாய்வுக்கு ஒரு கேரக்டர் ஸ்டைல் செய்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

நிரந்தரத் தீர்வு, எழுதத் தொடங்கும் முன்பே ஒரு டெம்ப்ளேட். அதில் 'நார்மல்', 'ஹெட்டிங் 1' போன்ற பொதுப் பெயர்களை நம்பாமல் 'போ-உடல்', 'போ-தலைப்பு', 'போ-படக்குறிப்பு' என்று நூலுக்கே உரிய பெயர்களில் ஸ்டைல் செய்ய வேண்டும். நாலு பேரும் அதையே பயன்படுத்த வேண்டும். கோப்புகள் ஏற்கெனவே தயாராகிவிட்டால், 'டெவலப்பர்' தாவலில் 'டாக்குமென்ட் டெம்ப்ளேட்' திறந்து அதை ஒவ்வொரு கோப்புக்கும் இணைத்து, 'ஆட்டோமேட்டிகலி அப்டேட் டாக்குமென்ட் ஸ்டைல்ஸ்' குறியிடலாம். ஓரம், தாளளவு ஆகியவை இதில் வராது. ஸ்டைல்கள் மட்டும் வரும். வேலை முடிந்ததும் குறியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், டெம்ப்ளேட்டில் யாரோ செய்யும் மாற்றம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே நுழையும்.

'மாடிஃபை ஸ்டைல்' பெட்டியில் 'ஆட்டோமேட்டிகலி அப்டேட்' என்று இன்னொன்று இருக்கும். அது குறியிட்டிருந்தால் ஒரே ஒரு பாராவை நடுவில் கொண்டுவந்தாலும் அந்த ஸ்டைலில் இருக்கும் எல்லாப் பாராவும் நடுவுக்கு வரும். அதை எப்போதும் எடுத்து வைப்பதே சரி.

தமிழுக்கு என்று ஓர் அறை

ஆங்கிலத்தில் எழுதிய உதவிக் குறிப்புகள் பலவற்றில் இந்தப் பகுதி இருப்பதில்லை. தமிழில் கோப்பு இணைக்கிறவர்களுக்கோ பாதித் தொல்லை இங்கேதான்.

வேர்டு ஒரு ஸ்டைலுக்கு ஒரே எழுத்துருவை வைத்துக்கொள்வதில்லை. லத்தீன் எழுத்துக்கு ஓர் இடம், தமிழ், தெலுங்கு, உருது போன்றவற்றுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று வேறோர் இடம். அளவும் தடிப்பும்கூட இரண்டு இடத்திலும் தனித்தனி. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் ஸ்டைல்களின் பட்டியல் ஒரு தனிக் கோப்பாக இருக்கும். அதில் தடிப்புக்கு 'பி' என்று ஒரு குறி, காம்ப்ளெக்ஸ் எழுத்தின் தடிப்புக்கு 'பிசிஎஸ்' என்று இன்னொரு குறி. முதலாவது மட்டும் இருந்தால் 'ஹோலி டிரினிட்டி' என்பது ஆங்கில எழுத்தில் தடித்தும், அதே தலைப்பின் தமிழ்ப் பாதி மெலிந்தும் வரும்.

காம்ப்ளெக்ஸ் இடத்தில் யாரும் எதையும் எழுதாவிட்டால் வேர்டு 'தீம்' என்ற பொது வடிவத் தொகுப்பைக் கேட்கும். ஆபீஸின் வழக்கமான தீமில் தமிழுக்கு லதா என்றும் தெலுங்குக்கு கௌதமி என்றும் எழுதியிருக்கிறது. மூலக் கோப்பின் ஸ்டைலில் ஆசிரியர் வேறு எழுத்துரு கொடுத்து அழகாக வைத்திருப்பார். தாய்க் கோப்பின் ஸ்டைலில் அந்த அறை காலி. இணைத்ததும் தமிழ் லதாவுக்குப் போய்விடும். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் எல்லாக் கணினியிலும் தாமாக வருவதில்லை. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' என்பதைச் சேர்க்க வேண்டும். சேர்க்காத கணினியில் லதாவும் இல்லாமல் நிர்மலா யூஐ போன்ற வேறொன்று வந்து அமரும். ஒரே நூல் மூன்று கணினியில் மூன்று முகம் காட்டுவது இப்படித்தான்.

சரிசெய்யும் வழி: 'ஆப்ஷன்ஸ்', 'லாங்குவேஜ்' போய் எழுதும் மொழிகளில் தமிழைச் சேர்க்கவும். அதன்பின் ஸ்டைலை 'மாடிஃபை' செய்து 'ஃபாண்ட்' பெட்டியைத் திறந்தால் 'லத்தீன் டெக்ஸ்ட்', 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இரண்டு வரிசைகள் தெரியும். இரண்டிலும் எழுத்துரு, தடிப்பு, அளவு மூன்றையும் நிரப்பவும். தாய்க் கோப்பில் இதைச் செய்துவிட்டு எஃப்9 கொடுத்தால் தேவாலய அத்தியாயத்தின் தமிழ் திரும்பிவிடும்.

ஹைதராபாத்தில் நூல் போடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. தெலங்கானாவில் தெலுங்கு ஆட்சிமொழி. 2017-ல் உருது மாநிலம் முழுவதற்கும் இரண்டாம் ஆட்சிமொழியானது. போலாரம் நூலில் ஒரு தெருப்பெயர் தெலுங்கிலும் ஒரு கல்வெட்டு வரி உருதுவிலும் வருவது இயல்பு. ஆனால் மூன்று எழுத்துக்கும் வேர்டில் ஒரே காம்ப்ளெக்ஸ் அறைதான். அங்கே தமிழ் மட்டும் உள்ள எழுத்துருவைப் போட்டால் தெலுங்குக்கு வேர்டு தன்னிஷ்டப்படி வேறொன்றைத் தேடும். தமிழும் தெலுங்கும் சேர்ந்து இருக்கும் நிர்மலா யூஐ ஒரு வழி. அழகு முக்கியம் என்றால் நோட்டோ செரிஃப் தமிழும் நோட்டோ செரிஃப் தெலுங்கும்; அப்போது தெலுங்குச் சொற்களுக்கு 'போ-தெலுங்கு' என்று தனிக் கேரக்டர் ஸ்டைல் வேண்டும். உருதுவுக்கும் அப்படியே ஒன்று, அதோடு வலமிருந்து இடம் போகும் பாரா ஸ்டைல் ஒன்று.

வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று கட்டிவைத்திருந்தால் இன்னொரு விபத்து. எழுத்துரு மாறியதும் 'கீ', 'மீ' போன்ற எழுத்துகளின் மேல் சுழி அறுபடும். தெலுங்கில் அடியில் தொங்கும் ஒத்துகள் காணாமல் போகும். 'மல்டிபிள்' என்று மாற்றி 1.1, 1.15 என்று வைத்தால் எழுத்து முழுதாகத் தெரியும்.

பழைய எழுத்துருவில் வந்த அத்தியாயம்

டி.டி.பி. கடையில் பல வருடம் முன்பு தட்டிய மேட்டரை எவராவது கொண்டுவந்தால் ஆறாவது அறிகுறி வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் படம் மட்டும்தான் தமிழ். கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்தின் குறியீடு. எழுத்துரு கூடவே இருக்கும்வரை பக்கம் தமிழாகத் தெரியும். தாய்க் கோப்பின் 'நார்மல்' வந்து எழுத்துருவை மாற்றிய நொடியில் உள்ளே இருந்த ஆங்கிலக் குறியீடுகள் வெளியே வந்துவிடும்.

இங்கே வடிவத்தைத் திருத்திப் பயனில்லை. மேட்டரையே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இதைச் செய்யும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் வந்த டாம், டாப் குறியீடுகளுக்கும் டிஸ்கிக்கும் மாற்றிகள் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக ஏற்றது. டேஸ் எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், அதற்குரிய எழுத்துரு இல்லாத இடத்தில் கட்டங்களாகவே தெரியும்.

மாற்றும்போது தடிப்பும் சாய்வும் போய்விடலாம். அதனால் வரிசை முக்கியம்: முதலில் யூனிகோடு, பிறகு புரூஃப், அதற்குப் பிறகுதான் ஸ்டைல், கடைசியில் இணைப்பு. மாற்றி எடுத்த மேட்டரை எழுத்தெண்ணிப் புரூஃப் பார்க்க வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறுவது சாதாரணம்.

நிமிர்ந்துவிட்ட அட்டவணை

1806-ல் செகந்தராபாத் கண்டோன்மென்ட் ஏற்பட்டதிலிருந்து, 2023-ல் ராஷ்டிரபதி நிலையம் ஆண்டு முழுவதும் மக்கள் பார்வைக்குத் திறந்தது வரை போகும் அட்டவணை படுக்கை வாட்டில் இருந்தது. நூலில் ஏன் நிமிர்ந்தது?

பக்கத்தின் வாட்டம், ஓரம், மேல்வரி, அடிவரி எல்லாம் செக்‌ஷனைச் சேர்ந்தவை. ஒரு செக்‌ஷனின் குணம் அதன் முடிவில் இருக்கும் பிரேக்கில் பதிந்திருக்கும். கோப்பின் கடைசி செக்‌ஷனுக்குத் தனி பிரேக் கிடையாது. அதன் குணம் கோப்பின் கடைசிப் பாராக் குறியோடு மூலத்திலேயே தங்கிவிடும். அட்டவணைக் கோப்பில் ஒரே செக்‌ஷன் என்றால், இணைக்கும்போது படுக்கை வாட்டம் வராது. மூலக் கோப்பின் கடைசியில் 'லேஅவுட்', 'பிரேக்ஸ்' போய் 'நெக்ஸ்ட் பேஜ்' வகை செக்‌ஷன் பிரேக் ஒன்றைப் போட்டுச் சேமித்து, தாய்க் கோப்பில் எஃப்9 அழுத்தினால் பக்கம் படுத்துவிடும். அட்டவணைக்கு முன்னால் வரும் அத்தியாயமும் படுத்துவிடாமல் இருக்க, தாய்க் கோப்பில் அதற்கு முன்னும் ஒரு பிரேக் வேண்டும்.

லிப்ரே ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் 'மாஸ்டர் டாக்குமென்ட்' என்ற வசதி இந்த வேலைக்கென்றே இருக்கிறது. விதி வேர்டைப் போன்றதுதான்: ஒரே பெயரில் ஸ்டைல் இருந்தால் மாஸ்டரின் விளக்கம் செல்லும். மாஸ்டரில் இல்லாத ஸ்டைல் துணைக் கோப்பிலிருந்து உள்ளே வரும். இரண்டு துணைக் கோப்புகள் ஒரே பெயரை இரண்டு விதமாக வைத்திருந்தால் முதலில் சேர்த்தது ஜெயிக்கும். துணைக் கோப்பைத் தனியே திறந்தால் அது தன் பழைய முகத்தோடுதான் இருக்கும். எனவே மாஸ்டரையும் துணைக் கோப்புகளையும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ் எழுத்துருவுக்கு இங்கே 'சிடிஎல்' என்று பெயர். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்' வழியாக மொழிப் பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு ஸ்டைலிலும் தமிழுக்கான இடம் தெரியும். கோப்புகளை டாக்எக்ஸாகவும் ஓடிடியாகவும் மாற்றி மாற்றிச் சேமிப்பது வடிவத்தைத் தேய்க்கும். குழு ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே இருக்க வேண்டும். அதே 'ஆப்ஷன்ஸ்' விண்டோவில் 'லோட்/சேவ்' பகுதியில் முகவரிகளைச் சார்பு முறையில் சேமிக்கும் குறியும் இருக்கும். அது இருந்தால் கோப்புறையை மொத்தமாக எங்கே நகர்த்தினாலும் லிங்க் அறாது.

வேர்டிலும் 'மாஸ்டர் டாக்குமென்ட்' உண்டு. அது கோப்புகளைக் கெடுத்துவிடும் என்ற புகார் பல காலமாக இருப்பதால், அனுபவசாலிகள் 'இன்க்ளூட்டெக்ஸ்ட்' வழியையே விரும்புகிறார்கள். வேறு வழியில்லாமல் பயன்படுத்தினால் தினமும் நகல் எடுத்து வைப்பது அவசியம்.

பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் முன்

லிங்க்கோடு கோப்பை பிரஸ்ஸுக்குக் கொடுக்கக் கூடாது. அங்கே மூலக் கோப்புகள் இருக்காது, எழுத்துருவும் இருக்காது.

1. நாலு மூலக் கோப்பையும் மூடி, தாய்க் கோப்பில் கண்ட்ரோல் + ஏ, பிறகு எஃப்9. உள்ளடக்கப் பட்டியலும் பக்க எண்களும் இப்போதே புதுப்பிக்கப்பட வேண்டும்.
2. 'சேவ் ஆஸ்' கொடுத்து 'அச்சு' என்று பெயர் சேர்த்த நகல் எடுக்கவும். இனி வேலை நகலில் மட்டும்.
3. நகலில் கண்ட்ரோல் + ஏ, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9. லிங்க் எல்லாம் சாதாரண மேட்டராகிவிடும். உள்ளடக்கப் பட்டியலும் உறைந்துவிடும் என்பதால்தான் முதல் படி முதலில் வந்தது.
4. 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' பகுதியில் 'எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் தி ஃபைல்' குறியிட்டுச் சேமிக்கவும். எழுத்துருவின் உரிமம் அனுமதித்தால் அது கூடவே போகும்.
5. பிடிஎஃப் எடுத்து, அதன் 'புராப்பர்டீஸ்', 'ஃபாண்ட்ஸ்' பட்டியலைத் திறக்கவும். நூலுக்கென்று தேர்ந்த எழுத்துருக்கள் மட்டும் அங்கே இருக்க வேண்டும். லதாவோ கௌதமியோ அழைக்காமல் எட்டிப் பார்த்தால், ஏதோ ஒரு ஸ்டைலில் காம்ப்ளெக்ஸ் அறை இன்னும் காலியாக இருக்கிறது.

கடைசியாக அந்தப் பிடிஎஃப்பைத் தாளில் எடுத்து, நாலு பேரிடம் முதலிலேயே வாங்கி வைத்த பிடிஎஃப்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தலைப்பு, படக்குறிப்பு, சாய்வெழுத்து, தெலுங்குத் தெருப்பெயர், உருது வரி, படுக்கை அட்டவணை என்ற வரிசையில் ஒருவர் படிக்க, இன்னொருவர் விரல் வைத்துக்கொண்டே வரலாம். மாறிய இடம் கண்ணில் பட்டால் பென்சிலால் குறித்து, தாய்க் கோப்புக்கோ மூலக் கோப்புக்கோ போய்த் திருத்தி, முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பக்க எண் 64-ல் நின்றால், நாலு பாரத்துக்கான தாளுக்குச் சொல்லிவிடலாம்.